பச்சை உப்பு

ராஜபாளையத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். காலை ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் முதல் பெல்லுக்குப் போய்விடலாம். வீடு என் அண்ணனுடையது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடமே அது முறிந்துபோனது. ஒரு சூட்கேஸும் இரண்டு அட்டைப்பெட்டிப் புத்தகங்களுமாக அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அப்படியே நாலு வருடம் தங்கிவிட்டேன்.

அண்ணன், மதினி, நான், மூன்றே பேர். மதினிக்கும் எனக்கும் ஒரே வயது. கூமாப்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எட்டு வருடமாகக் குழந்தை இல்லை. அதைப் பற்றி வீட்டுக்குள் யாரும் பேசுவதில்லை, வெளியே எல்லோரும் பேசினார்கள். தாலி இருந்தும் பிள்ளையில்லாத ஒருத்தி, தாலியே இல்லாத ஒருத்தி, இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் என்று சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டது என் காதுக்கும் வந்திருக்கிறது. எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் தலைவலிக்கு அவள் சுக்கு அரைத்துப் போடுவாள். அவளுடைய ஆதார் திருத்தத்துக்கு நான் லீவு போட்டுக் கூடப் போயிருக்கிறேன்.

அண்ணன் ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் போர்மேன். மருந்துக் கலவை அறைக்கு அவர்தான் பொறுப்பு. வேலை முடிந்து வரும்போது சட்டையில் கந்தக வாடை இருக்கும். குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வருவார்.

அந்த வாரம் பதினொன்றாம் வகுப்புக்கு இரண்டாம் தொகுதி நடத்த வேண்டியிருந்தது. தனிம வரிசை அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம். மேலிருந்து கீழே இறங்க இறங்க அணு பெரிதாகும், வெளி எலக்ட்ரானின் பிடி தளரும், வேகம் கூடும். தண்ணீரில் போட்டால் மெக்னீசியம் சும்மா கிடக்கும், கால்சியம் நுரைக்கும், பேரியம் பொங்கும். நான் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. கண்ணால் பார்த்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு வருடமும் சுடர் சோதனை செய்து காட்டுவேன். கால்சியம் உப்பைத் தீயில் காட்டினால் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்சியம் ரத்தச் சிவப்பு, பேரியம் இளம்பச்சை.

அந்த வருடம் லேபில் பேரியம் பாட்டில் காலியாக இருந்தது. வாங்கித் தரக் கேட்டதற்கு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, உங்க கம்பெனில பேரியம் இருக்கா?"

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "அதெல்லாம் சேக்கக் கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லி எம்புட்டு நாளாச்சு." பிறகு குரலை இறக்கினார். "ஏன், எம்புட்டு வேணும்?"

"ஒரு ஸ்பூன் போதும். பிள்ளைகளுக்குக் காட்டணும்."

"பாக்கேன். ஆனா பேரியம்னு வெளிய சொல்லிட்டுத் திரியாதட்டி. பச்சை உப்புன்னு சொல்லு."

பட்டாசுத் தொழிலில் பேரியம் நைட்ரேட்டுக்கு அதுதான் பெயர். எரிந்தால் பச்சை என்பதால் பச்சை உப்பு. பார்வைக்குப் பச்சை கிடையாது. வெள்ளை வெளேரென்று, நைஸாக, நாம் சாப்பிடும் தூள் உப்பைப் போலவே இருக்கும்.

புதன்கிழமை காலையில் அண்ணன் கிளம்பும்போது, "உப்பு மறந்துராதண்ணே" என்றேன். அடுப்படியிலிருந்து மதினியும், "ஆமா, வரும்போது தூள் உப்பு ஒரு பாக்கெட்டு, ரவை, வெல்லம் வாங்கிட்டு வாங்க. தூள் உப்பு தீரப்போவுது" என்றாள். அவர் இரண்டு பேருக்குமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வந்ததும் துணிப்பையைத் திண்டில் வைத்துவிட்டு, குழாயடியில் கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "கொண்டாந்துட்டேன்ட்டி. பையில இருக்கு."

நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல் "சரிண்ணே" என்றேன். அவ்வளவுதான். அது என்ன பொருள் என்று அந்த வீட்டில் எல்லோரையும் விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். லேபில் அதைத் தொட்டால் கை கழுவாமல் வெளியே விட மாட்டேன் பிள்ளைகளை. எழுந்து நாலு அடி நடந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து என் கைப்பையில் வைத்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. இன்னும் ஆறு தாள்தான் மிச்சம் இருந்தது, அதை முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

காலையில் பார்த்தபோது பை காலியாக மடித்து ஆணியில் மாட்டியிருந்தது. மதினி வாசலில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் வரும் நேரம், நாலு வீட்டுக் குடங்களின் சத்தம். நான் செருப்பை மாட்டிக்கொண்டே உரக்கக் கேட்டேன்.

"மதினி, அண்ணன் கொண்டாந்த உப்பு எங்க?"

"எடுத்து வச்சிட்டேன்" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பத்திரமாக எங்கோ எடுத்து வைத்திருக்கிறாள், நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஓடினேன். அண்ணன் கடை உப்பை மறந்துபோனார் என்பதோ, ஒரு ஸ்பூன் கேட்டதற்கு அவர் தாராளமாகக் கட்டிக்கொண்டு வந்து, பையில் ரவையோடும் வெல்லத்தோடும் போட்டிருந்த செய்தித்தாள் பொட்டலத்தை அவள் கடையில் சில்லறையாக வாங்கிய உப்பு என்று எடுத்துக்கொண்டாள் என்பதோ எனக்குத் தெரியாது. எடுத்து வைத்த இடம் உப்பு டப்பா.

அன்று மூன்றாவது பீரியட். ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கி, கால்சியமும் ஸ்ட்ரான்சியமும் காட்டினேன். சிவப்பைப் பார்த்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். பேரியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், கீழ போகப் போக எல்லாமே கூடுமா?"

"எல்லாமே இல்ல. ஹைட்ராக்சைடு கரையுறது கூடும். சல்ஃபேட்டு கரையுறது குறையும். மெக்னீசியம் சல்ஃபேட்டு தண்ணில நல்லாக் கரையும். பேரியம் சல்ஃபேட்டு கரையவே கரையாது. அதனாலதான் வயித்த எக்ஸ்ரே எடுக்க முன்னாடி அதக் குடிக்கக் குடுக்காங்க."

"பேரியம் விஷம்னு சொன்னீங்களே மிஸ்?"

"கரையலேன்னா உடம்புல சேராது. அப்படியே வெளிய போயிரும். கரையுற பேரியமா இருந்தாத்தான் ஆபத்து."

பாடம் நன்றாகப் போன திருப்தியோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன். மதியச் சாப்பாட்டைப் பிரிக்கும்போது போன் வந்தது. எதிர்வீட்டு அக்கா.

"ஏ டீச்சரு, உங்க மதினிக்கு நிக்காம வாந்தியும் பேதியுமா போகுது. உங்க அண்ணன் போனு எடுக்கல. நான் ஆட்டோல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், நீ ஒடனே வா."

கலவை அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அண்ணனின் கம்பெனி ஆபீஸ் நம்பரில் தகவல் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வெயில் காலம், ஏதோ கெட்டுப்போனதைச் சாப்பிட்டிருப்பாள் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி அது. மதினிக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள்.

"ஒண்ணும் சாப்பிடலட்டி. பதினொன்னரைக்கு மோருதான் குடிச்சேன். உப்பே ஏறல. இன்னொரு தடவ போட்டுக் கலக்குனேன். ஒரு மாதிரி கசந்துச்சு. மடக்குன்னு குடிச்சிட்டேன்."

"மோரு புளிச்சிருக்கும்."

"வாயச் சுத்தி எறும்பு ஊறுத மாதிரி இருக்கு."

டூட்டி டாக்டர் இளம்பெண். விஷக்கடியா, மாத்திரையா, பூச்சி மருந்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார். வாந்தி கொஞ்சம் அடங்கியது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். செத்த நேரம் கழித்து மதினி, "போர்வைய எடு, வேர்க்குது" என்றாள். போர்வையை எடுத்தேன். "இந்தக் கால மடக்கி விடு" என்றாள்.

"நீங்களே மடக்குங்க மதினி."

"வர மாட்டேங்குதுட்டி."

அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. உள்ளங்காலில் கிள்ளினேன். "வலிக்குது" என்றாள், ஆனால் கால் அசையவில்லை. கால் மணி நேரத்தில் கை விரல்களும் பிடி விட்டன. தம்ளரைக் கொடுத்தால் நழுவியது. டாக்டர் லேப் சீட்டோடு வேகமாக வந்தார்.

"பொட்டாசியம் ரொம்ப ரொம்பக் கொறஞ்சிருக்கு. வாந்தி பேதியில மட்டும் இவ்வளவு சீக்கிரம் இப்படி எறங்காது. நல்லா யோசிச்சுப் பாருங்க, என்ன சாப்பிட்டாங்க?"

பொட்டாசியம். அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு மதினி சொன்னது, உப்பே ஏறல, கசந்துச்சு. காலையில் அவள் சொன்னது, எடுத்து வச்சிட்டேன். "இந்தா வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி ஆட்டோ பிடித்தேன்.

வீட்டுக் கதவு பூட்டாமல் கிடந்தது. அடுப்படியில் மோர்ச் செம்பு கழுவாமல் இருந்தது. உப்பு டப்பா திறந்தபடி, உள்ளே ஸ்பூன். மேலே வெள்ளையாக ஒரு அடுக்கு, அடியில் பழைய உப்பு ஈரம் கோத்துக் கட்டியாக. பார்த்துச் சொல்ல முடியவில்லை. நாக்கில் வைத்துப் பார்க்கப் பயம். குப்பைக் கூடையில் அந்தச் செய்தித்தாள் துண்டு கசங்கிக் கிடந்தது.

ஜன்னலைச் சாத்தினேன். கேஸ் அடுப்பைப் பற்றவைத்துச் சிறிதாக்கினேன். புடவையில் குத்தியிருந்த ஸ்டீல் ஊக்கைக் கழற்றி நீட்டி, நுனியைத் தண்ணீரில் நனைத்து, மேல் அடுக்கில் தொட்டு, நீலத் தீயில் காட்டினேன். முதலில் மஞ்சள். உப்புதான், நல்ல உப்புதான் என்று ஒரு கணம் சாமியைக் கும்பிட்டேன். மஞ்சள் அடங்கியது. அதற்குப் பின்னால் பச்சை எழுந்தது. இளம்பச்சை, சன்னமாக, நிதானமாக. வருடா வருடம் பிள்ளைகளைக் கைதட்ட வைத்த அதே பச்சை. ஊக்கு நழுவி பர்னர் மேல் விழுந்து, அங்கேயும் பச்சையாகவே எரிந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு மற்ற பாத்திரங்களைத் திறந்து பார்த்தேன். சாம்பாருக்கும் சாதத்துக்கும் மதினி கல் உப்புதான் போடுவாள். தூள் உப்பு மோருக்கும் தயிருக்கும் மட்டும். அன்று எங்கள் டிபன் பாக்ஸ்களில் சாம்பார் சாதம் இருந்தது. அண்ணனும் நானும் தப்பியதற்கு வேறு காரணம் கிடையாது.

டப்பாவை மூடி ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். வாசலில் அண்ணன் நின்றார். அப்போதுதான் வந்திருந்தார். சொன்னேன். அவர் பையை விரித்து உள்ளே இருந்த டப்பாவைப் பார்த்தார்.

"டாக்டர்ட்ட சொல்லப் போறேண்ணே."

என் கையைப் பிடித்தார். "ஏட்டி, நில்லு. அந்தப் பேரச் சொல்லாத. வாந்திக்குத்தான் வைத்தியம் பாக்காங்கல்ல? அந்தப் பேரு வெளிய வந்தா போலீசு வரும், கம்பெனிக்கு சீலு வைப்பாங்க. என்னைய உள்ள வச்சிருவாங்க. ஒன் வேலையும் போயிரும்."

"மதினிக்குக் கை கால் வரலண்ணே. அடுத்து மூச்சுதான்."

அவர் என் கையை விட்டார். நான் உள்ளே போனேன்.

"பேரியம் நைட்ரேட் டாக்டர். உப்புன்னு நெனச்சு மோர்ல போட்டுக் குடிச்சிருக்காங்க" என்று டப்பாவை மேஜை மேல் வைத்தேன். எப்படி வீட்டுக்கு வந்தது என்று அவர் கேட்டார். "வீட்டுல இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

டாக்டர் மதுரையில் அவருடைய சீனியருக்குப் போன் போட்டார். பேசப் பேச ஒரு காகிதத்தில் எழுதினார். நர்ஸைக் கூப்பிட்டு, மூக்கு வழியாகக் குழாய் இறக்கி மெக்னீசியம் சல்ஃபேட் கொடுக்கச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வலிப்பு வந்தால் போடுவதற்காக அந்த மருந்து அங்கே இருந்தது. இன்னொரு கையில் பொட்டாசியம் ஏற்றினார்கள். குழாய் உள்ளே போகும்போது மதினியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவளால் கை தூக்க முடியவில்லை. காலையில் வகுப்பில் சல்ஃபேட்டைப் பற்றி நான் சொன்ன இரண்டு வரிகள்தான் அந்தக் குழாய் வழியே இறங்கிக்கொண்டிருந்தன. வயிற்றில் மிச்சம் இருக்கும் பேரியம் சல்ஃபேட்டோடு சேர்ந்து கரையாததாக மாறிவிட்டால் போதும். ஏற்கெனவே ரத்தத்தில் கலந்ததற்கு என்ன வழி என்று நான் கேட்கவில்லை.

அஞ்சு மணிக்கு 108 வந்தது. மதுரைக்குப் போகும்போது கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அவளுக்கு மூச்சு திணறியது. ஆம்புலன்ஸ் உதவியாளர் பலூன் போன்ற ஒன்றை முகத்தில் வைத்து அமுக்கிக்கொண்டே வந்தார். அவர் கை ஓயாமல் அமுக்க, அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. வேறு எதுவும் அவளிடம் அசையவில்லை. ஆனால் நினைவு இருந்தது. கண் என்னையே பார்த்தது.

மதுரையில் இரண்டு நாள் மெஷினில் மூச்சு விட்டாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டே இருந்தேன். அட்டவணையில் பொட்டாசியம் முதல் தொகுதி, பேரியம் இரண்டாம் தொகுதி, இரண்டு வரிசை கீழே. ஆனால் அயனியாக மாறும்போது இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன். நம் தசைகளில் பொட்டாசியம் போய்வரும் வாசலில் பேரியம் போய் அடைத்துக்கொள்ளும். பொட்டாசியம் வெளியே வர வழியில்லாமல் செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பருமன் எப்படி மாறுகிறது என்று பத்து வருடமாக அம்புக்குறி போட்டு நடத்தியவள் நான். இந்த இரண்டையும் ஒரு நாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் மதினியின் அண்ணன் கூமாப்பட்டியிலிருந்து வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி வழியாகத் தங்கச்சியைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"எந்தங்கச்சிக்கு என்னத்தக் குடுத்தீய?"

"நாங்க ஒண்ணும் குடுக்கல. உப்புன்னு நெனச்சு..."

"வீட்டுல மூணு பேரு. ரெண்டு பேரு நல்லாத்தான் நிக்கீக."

என் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று பிற்பகல் இன்னொருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். அண்ணனின் கம்பெனி மேனேஜர். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். அண்ணனைத் தூரமாகக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். போகும்போது என்னிடம் நின்றார்.

"டீச்சர் ராஜபாளையத்துல நல்ல ஸ்கூல்லல்ல இருக்கீங்க. ஸ்கூலுக்காகத்தான் கேட்டீங்கன்னு உங்க அண்ணன் சொன்னாரு. பிள்ளைங்க படிக்குற எடம். அந்தப் பேரு இதுல வர வேண்டாமே."

மிரட்டியது போலவே இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

மறுநாள் போலீஸ் வந்து விசாரித்தபோது அண்ணன் சொன்னார்: "எலித் தொல்லைங்கய்யா. சந்தையில எலி மருந்துன்னு ஒருத்தன் வித்தான், வாங்கிட்டு வந்தேன். ஆள் யாருன்னு தெரியாது." அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுதியவர் என்னைப் பார்த்து, "அப்படித்தானாம்மா?" என்றார். பேரியம் கலந்த எலி மருந்து உண்டு என்பதால் அவர் சந்தேகப்படவில்லை. நான் தலையசைத்தேன். கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் நாள் மதினி தானாக மூச்சு விட்டாள். ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். பத்தாம் நாள் சுவரைப் பிடித்து நடந்தாள். உடம்பில் ஒன்றும் தங்காது, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். அவள் அண்ணன் டாக்ஸி வைத்து அவளைக் கூமாப்பட்டிக்கே கூட்டிப்போனார். எங்கள் வீட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தக்கூட இல்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா கேட்டாள், "எலி மருந்தக் குடிச்சிட்டாளாமே? பிள்ளையில்லாத ஏக்கம் இம்புட்டு தூரம் போகுமா?"

"குடிக்கலக்கா. உப்புன்னு தப்பா..."

"எலி மருந்து உப்பு டப்பாக்குள்ள எப்படிட்டி போகும்?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். போலீசும் மதினியிடம் அதையே கேட்டிருக்கிறது. உப்புப் பொட்டலம் என்றுதான் டப்பாவில் தட்டினேன் என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. புருஷன் எலி மருந்து என்கிறான், நாத்தனார் ஆமாம் என்கிறாள். அப்படியானால் இவள் தெரிந்தே குடித்தாள் என்றாகிவிட்டது. கூமாப்பட்டியில் அவளைத் தனியாக இருக்க விடுவதில்லையாம். கிணற்றுப் பக்கம் போனால் யாராவது பின்னால் வருகிறார்களாம். எங்களைக் காப்பாற்ற அண்ணன் சொன்ன ஒரு சொல் அவள் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அண்ணனிடம் சொன்னேன். "கேஸு முடியட்டும்ட்டி, பொறவு பேசிக்கிடலாம்" என்றார். அவர் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வெறுமனே பிசைந்துகொண்டிருப்பார்.

இரண்டு மாதம் பொறுத்தேன். பொறுத்தேன் என்று சொல்வது தவறு. பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பு பஸ் ஏறி, அங்கே மாறி, கூமாப்பட்டிக்குப் போனேன். மலை மேல் மேகம் கறுத்து இறங்கியிருந்தது, மழை இல்லை. மதினி வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். பேரியம் கேட்டது நான் என்று. பள்ளிக்கூடத்துக்காக என்று. அண்ணன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்தார் என்று. பொட்டலம் வந்தது தெரிந்தும் எழுந்து எடுக்காதது நான் என்று. எலி மருந்து பொய், நானும் அதில் கையெழுத்துப் போட்டேன் என்று.

அவள் அண்ணன் கையை ஓங்கினார். பிறகு அந்தக் கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மதினி புளியை உடைத்துக்கொண்டே இருந்தாள். கொட்டைகள் ஒரு பக்கம் விழுந்தன.

"அவுக எனக்காகப் பொய் சொன்னாகன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "நான் கவனமில்லாமத் தப்புப் பண்ணிட்டேன், ஊரு என்னைய ஏசும்னு, பழியத் தன் மேல போட்டுக்கிட்டாகன்னு. ரெண்டு மாசமா அத நெனச்சுத்தான் இங்க எல்லாத்தையும் தாங்கிட்டிருந்தேன்."

"மதினி..."

"காப்பி குடிச்சிட்டுப் போ. பஸ்ஸுக்கு நேரமிருக்கு."

காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய் முதலில் கொடுத்தது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கம்பெனியில் சோதனை நடந்து சீல் வைத்தார்கள். அண்ணனைக் கைது செய்தார்கள், பதினோரு நாள் கழித்து ஜாமீனில் வந்தார். பள்ளியில் என்னைக் கூப்பிட்டு, பருவம் முடிந்ததும் நானே எழுதிக் கொடுத்து விலகிக்கொள்வது நல்லது என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள், "அவள மட்டும் பாத்திருந்தா நானே சொல்லிருப்பேன்ட்டி, எனக்கு அவள நேர்ல பாக்க தைரியம் வரல" என்றார். இப்போது ஒரு லோடு வேன் ஓட்டுகிறார்.

மதினி நாலாவது மாதம் திரும்பி வந்தாள். யாரும் கூப்பிடப் போகவில்லை. அவளாகவே ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அண்ணனோடு பேச இன்னும் சில வாரம் ஆனது. என்னோடு சமையல் பற்றி மட்டும் பேசினாள், பிறகு மற்றதும். பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. நான் பக்கத்தில் இருக்கும்போது அவள் எதையும் ருசி பார்க்காமல் கொடுப்பதில்லை. அதை அவள் வேண்டுமென்று செய்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தா நாளில் மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகிறோம். நான் சாட்சி, மதினியும் சாட்சி. போன வாய்தாவில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அந்த மேனேஜர் பைக்கில் வந்து எங்கள் முன்னால் நிறுத்தினார். அதே வெள்ளைச் சட்டை. கம்பெனி வேறு பெயரில் வேறு இடத்தில் நடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம்.

"டீச்சர் இப்ப எந்த ஸ்கூல்ல இருக்கீங்க?" என்றார் மெல்லிய குரலில்.

வீட்டில் டியூஷன் எடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மதினி முந்திக்கொண்டாள்.

"எதுக்கு? உங்க பிள்ளையச் சேக்கப் போறீயளா?"

அவர் சிரித்தார். "சும்மா விசாரிச்சேம்மா. மடவார் வளாகத்துலதான உங்க வீடு, அடிக்கடி அந்தப் பக்கம் வாரேன்."

பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார். அண்ணன் எழுந்து நின்று அவர் போன திசையையே பார்த்தார். எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். மதினி என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். பிடி இறுக்கமாக இருந்தது. மூன்று பேரும் உள்ளே போனோம்.